மூக்குக்கு யார் சாட்சி

நவ. 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. போடிமெட்டுப் பக்கம் மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அம்மா கடை. எஸ்டேட்டு வேலைக்கு ஏறுகிற பெண்கள் பிளாஸ்டிக் ஷீட்டு வாங்க முண்டியடிப்பு. "வெரசா குடு ஆத்தா, ஜீப்பு போயிரும்." நானும் கொஞ்ச நேரம் ஷீட்டு வெட்டிக் கொடுத்தேன்.

நடுவில் சீனியர் வக்கீல் போன். மதுரையில் மூட்டு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். "வியாழக்கிழமை மூக்கு கேஸ் வருது. வாய்தா வாங்கிரு, இல்ல நீயே நடத்து." இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். நடத்துறேன் சார் என்றேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. தனியாக நடத்தும் முதல் கேஸ்.

மூக்கு கேஸ் என்பது ஆபீசில் வைத்த பெயர். கட்சிக்காரர் தங்கப்பாண்டி (இனி த.பா.). ஏலக்காய் வியாபாரி ஒருவருக்காக ஏல மையத்தில் சரக்குப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர். போன வருஷம் மலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் ஏறி வந்த ஜீப்பு இவர் பக்கத்துக்கே வந்து இடித்தது. பின்மண்டை ரோட்டோரச் சுவரில். உயிர் தப்பியது. எலும்பெல்லாம் கூடிவிட்டது. வாசனை மட்டும் தெரிவதில்லை. எந்த வாசனையும். தப்பு ஜீப்பு மேல்தான், அதில் தகராறு இல்லை. நஷ்டஈடு கேட்டால், மூக்கு போனது பொய் என்கிறது ஜீப்பின் இன்சூரன்ஸ் தரப்பு.

ஒருவருக்கு வாசனை தெரிகிறதா இல்லையா என்பதை வெளியே இருந்து எப்படிப் பார்ப்பது? சாயங்காலம் பூரா இதே யோசனை. பயத்தைவிட இதுதான் அதிகம், நல்லவேளை.

சரிசெய்ய வேண்டியது: குரல் (பாதியில் மெலிந்து போகிறது). பேப்பரைப் பார்த்தே பேசுவது. எதற்கெடுத்தாலும் "அதாவது". கோட்டில் ஒரு பட்டன்.

நவ. 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு. த.பா. வீட்டுக்குப் போனேன். சின்ன சந்து, ஒட்டி ஒட்டி வீடுகள். அவர் மனைவி பேச்சியம்மா எஸ்டேட்டுக்குப் போகாமல் எனக்காக இருந்தார்.

அண்ணே, மூக்கை வச்சு அப்படி என்னதான் பாப்பீங்க என்று கேட்டேன். கோர்ட்டில் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"நெறத்தையும் பருமனையும் எல்லாரும் பாப்பாக தங்கச்சி. கண்ணு இருந்தாப் போதும். பழசைப் புதுசோட கலந்திருந்தா? காய வைக்கையில புகை ஏறியிருந்தா? சாக்கு நனைஞ்சிருந்தா? அதெல்லாம் மோந்தாத்தான்."

இப்போது முதலாளி குடோனில் மூட்டை எடை போடுகிற சோலி கொடுத்திருக்கிறார். வெளியே யாருக்கும் காரணம் சொல்லவில்லையாம். மூக்கு இல்லை என்று தெரிந்தால் சந்தையில் ஒருத்தனும் மதிக்க மாட்டான் என்கிறார். தெருவில்கூடத் தெரியாது.

பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி ஏதோ வாய்க்கால் சண்டை. த.பா. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "வேற சோலி இல்ல அந்தம்மாவுக்கு."

சாயங்காலம் வீட்டில் ஒரு சோதனை. மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பு. உப்பும் புளியும் காரமும் மட்டும். கருவாடு என்பது நாக்கில் இல்லை, இத்தனை நாள் தெரியாது. பிறகு பஞ்சை எடுக்காமலே அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து ஃபைல் படித்தேன். அம்மா ஓடி வந்து கத்திய பிறகுதான் பால் பொங்கித் தீய்ந்தது தெரிந்தது. பாத்திரம் கருப்பு.

"கோர்ட்டுக்குப் போறவ இப்டித்தான் படிக்கிறதா எஸ்தரு?"

பாத்திரம் நான்தான் தேய்த்தேன்.

நவ. 6, புதன்

வெயில், புழுக்கம். அவர் பார்த்த வேலையை நேரில் பார்க்கலாம் என்று ஏல மையம் போனேன். வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால். மாதிரிப் பாக்கெட்டு வருகிறது, பிரிக்கிறார்கள், உள்ளங்கையில் கொட்டி உருட்டுகிறார்கள், அடுத்தது. மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

வெளியே வரும்போது வாசலோரம் த.பா. என்னைப் பார்க்கவில்லை. கையில் யாரோ போட்டுவிட்டுப் போன பாக்கெட்டு. ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினார். மூக்குக்குக் கொண்டு போனார். கண்ணை மூடி இழுத்தார். ரொம்ப நேரம்.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன்.

வாசனை தெரியாதவர் எதற்கு மோந்து பார்க்கிறார்?

சீனியருக்குப் போன். "கேக்காத" என்றார். "கேட்டா உனக்குத் தெரிஞ்சு போயிரும். அப்புறம் நடத்த முடியாது." நல்ல யோசனைதான். ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே சமயம் கேட்கத் தைரியமும் இல்லை. கேட்கவில்லை.

நவ. 7, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

தேனி பஸ்சு. கோர்ட்டில் எங்கள் கேஸ் மத்தியானம். த.பா. கூண்டில் ஏறினார். என் பங்கு சீக்கிரம் முடிந்தது, குரல் பரவாயில்லை. பிறகு இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் சுந்தரேசன் சார் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அதட்டுவார் என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரர் மாதிரி பேசினார்.

"காப்பி குடிக்கிறீங்களா தங்கப்பாண்டி?"

"குடிக்கிறேன் சார்."

"ருசியா இருக்கா?"

"சூடா இருக்கும் சார்."

நல்ல பதில் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்போது அவர் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அம்மோனியாவாம். நீதிபதி அனுமதித்தால் சாட்சி இதை மோந்து பார்க்கட்டும் என்றார். நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். ஆட்சேபணை என்று எழுந்திருக்க வேண்டிய இடம். நான் எழவில்லை. பயம் மட்டும் இல்லை. என்ன ஆகும் என்று எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. இது யாரிடமும் சொல்ல முடியாது.

த.பா. மூடியைத் திறந்து மூக்குப் பக்கம் கொண்டு போனதும் தலை சட்டென்று பின்னால் போனது. இருமல். கண்ணில் தண்ணீர். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"வேற கேள்வி இல்லம்மா," என்று உட்கார்ந்தார் சுந்தரேசன் சார்.

"மறு விசாரணை இருக்கா?" நீதிபதி.

"இல்லைங்கம்மா" என்றது என் வாய்.

திரும்பி வரும் பஸ்சில் பக்கத்து சீட்டில் த.பா. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். பிறகு, "தங்கச்சி, அது வாடை இல்ல. ஊசி குத்துன மாதிரி இருந்துச்சு. அங்க எப்டிச் சொல்றதுன்னு தெரியல." நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான் மனசில் ஓடியது.

நவ. 8, வெள்ளி

தூக்கம் சரியில்லை. காலையில் ஒரே கேள்வி: ஊசி குத்தின மாதிரி என்றால் என்ன? இட்டுக்கட்டுகிறவன் சொல்கிற வார்த்தை மாதிரி இல்லை.

த.பா.வுக்கு வைத்தியம் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அடுத்த விசாரணையில் எப்படியும் அவர் சாட்சி. ஓ.பி.யில் கூட்டம். ஒரு குழந்தை மூக்கில் கொண்டைக்கடலை. அதை எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் அம்மா கடலையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனார். எதற்கோ.

பாட்டில் கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெங்காயம் நறுக்குனா கண்ணு எரியுதுல்ல. கண்ணுக்கு வாடை தெரியுமா?"

"தெரியாது டாக்டர்."

"அதே மாதிரிதான். மூக்குல வாடைக்கு ஒரு நரம்பு. எரிச்சலுக்கு வேற நரம்பு. இவருக்குப் போனது முதல் நரம்பு. அம்மோனியாவுக்கு இவரு துள்ளத்தான் செய்யணும். நடிக்கிறவன்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியலைன்னு நிப்பான். நாங்களே அப்டித்தான் சோதிக்கிறது."

திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். சுந்தரேசன் சாருக்கு இது தெரியுமா, தெரிந்தே செய்தாரா? தெரியாது என்றுதான் தோன்றுகிறது.

நான் நேற்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "எப்படி இருந்துச்சு?" அவ்வளவுதான். ஊசி மாதிரி என்று அவரே சொல்லியிருப்பார்.

நவ. 9, சனி

தூறல். குடோனுக்குப் போனேன். சாக்குத் தூசி, எடை மிஷின், ரேடியோ. த.பா. ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு கேட்டே விட்டேன். "அண்ணே, புதன்கிழமை ஏல மையத்து வாசல்ல உங்களைப் பாத்தேன். காயை மோந்து பாத்தீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். வெட்கப்பட்டார்.

"தினமும் ஒருக்கா பாக்குறதுதான். வந்துருச்சான்னு."

அவ்வளவுதான் பதில். ரேடியோவில் விளம்பரம். சந்தேகப்பட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் லோடு வந்துவிட்டது, போய்விட்டார்.

சீனியர் சொன்னது தப்பு. கேட்டால்தான் நடத்த முடியும்.

நவ. 10, ஞாயிறு

சர்ச் முடிந்து நேராக த.பா. வீடு. டாக்டர் சொல்வது போதுமா என்ற கவலை. டாக்டர் நரம்பைப் பற்றிச் சொல்வார். இவருக்கு அன்றாடம் வாசனை தெரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவர் யார்? மனைவி சொன்னால் மனைவி என்பார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது குடலைப் பிடுங்கும் நாற்றம். போன தடவை ஜன்னல் சாத்தியிருந்தது, மழை வேறு. இன்றைக்கு வெயில். வீட்டை ஒட்டி ஓடும் வாய்க்காலில் எதுவோ அடைத்து, தண்ணீர் கறுத்து நிற்கிறது. பக்கத்து வீட்டு அம்மா சரசுவதி, தையல் கடை வைத்திருப்பவர், சுவரில் கையூன்றி ஆரம்பித்துவிட்டார். "மனுசன் குடியிருக்குற இடமா இது? கேட்டா நாறலைங்கிறான். வேணும்னே சொல்றேனாம்."

"பாத்தியா தங்கச்சி," என்றார் த.பா. "ஒரு வருசமா இதே பாட்டு. என்னைய வம்புக்கு இழுக்கணும்."

அவர் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே தெரியவில்லை. பிறகு சொன்னேன். "அண்ணே, நாறுது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாவைப் பார்த்தார். பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"நாறுதா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெண்டு நாளு சாப்பிட மாட்டீக. அன்னைக்கு சாம்பார் ஊசிப்போச்சுன்னு சொன்னதுக்கே அப்டித்தான இருந்தீக. அதான் சொல்றதில்ல."

த.பா. வெளியே போய் வாய்க்கால் பக்கத்தில் நின்றார். குனிந்து பார்த்தார். நெடுநேரம் உள்ளே வரவில்லை. பேச்சியம்மா எனக்கு டீ போட்டார். யாரும் குடிக்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டிய சாட்சி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

சுற்றிக்கொண்டு போனேன். த.பா.விடம் முதலில் கேட்டேன், வெளியே சொல்லலாமா என்று. "இனி என்ன மறைக்க" என்றார். சரசுவதி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த ஜாக்கெட் துணியை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தார்.

"அப்ப நான் இத்தனை நாளு கத்துனது?"

"உங்க மேல தப்பில்லக்கா. உங்களுக்குத் தெரியாதுல்ல."

"முன்னாடியெல்லாம் அவன்தான் தெனம் பினாயில் ஊத்துவான். விழுந்து எந்திரிச்சு வந்த பெறகுதான் கண்டுக்கல. திமிருன்னு நெனச்சேன்." துணியைக் கீழே வைத்தார். "அதுக்காக வாய்க்கா நாறலைன்னு ஆயிருமா?"

ஆகாதுக்கா என்றேன். கோர்ட்டுக்கு வர்றீங்களா என்றேன். யோசிக்கணும், தீபாவளி முடிஞ்சும் துணி இன்னும் ரெண்டு பாக்கி, திட்டுறாங்க என்றார்.

நவ. 12, செவ்வாய்

சரசுவதி அக்கா பெயரைச் சாட்சியாகச் சேர்க்க மனு. அனுமதி கிடைத்தது. சுந்தரேசன் சார் எதிர்க்கவில்லை, புன்னகை மட்டும்.

வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் ஒவ்வொரு கோர்ட்டாகப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கவனித்தவை: நன்றாக நடத்துகிறவர்கள் சாட்சி பதில் சொன்னதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவுவதில்லை. ஒருவர் பதில் வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். அந்த நேரத்தில் பதில் எல்லார் காதிலும் இறங்குகிறது. இன்னொருவர், வயதில் என்னைவிடச் சின்னப் பெண், கேள்வியை ஐந்தாறு வார்த்தையில் முடிக்கிறாள். நான் கேட்கும் கேள்விக்குள்ளேயே பதிலும் அதற்கு விளக்கமும் இருக்கும்.

அம்மாவைச் சாட்சியாக வைத்துப் பழகினேன். "இன்று காலை கடையில் என்ன நடந்தது?" அம்மா ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. நல்ல பயிற்சி.

பட்டன் தைத்தாயிற்று.

நவ. 14, வியாழன்

நல்ல வெயில். சரசுவதி அக்கா பட்டுப்புடவையில் வந்தார். பஸ்சில் த.பா.வுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, தேனி வரும்வரை திரும்பியே பார்க்கவில்லை.

முதலில் டாக்டர். குறிப்பைப் பார்க்காமல் கேட்டேன். "அம்மோனியாவை மோந்ததும் மனுதாரர் துள்ளினார். அது எதைக் காட்டுகிறது?" வெங்காயத்தில் ஆரம்பித்து எனக்குச் சொன்னமாதிரியே சொன்னார். நான் அடுத்த கேள்வி கேட்காமல் நின்றேன். துடைக்கக் கண்ணாடி இல்லை, பேனா மூடியைத் திருகினேன். நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரே கேட்டார்: "அப்போ இவர் துள்ளாம நின்னிருந்தா?" "எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்மா" என்றார் டாக்டர். சுந்தரேசன் சார் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

பிறகு சரசுவதி அக்கா. விபத்துக்கு முன் வாய்க்காலை யார் பார்த்துக்கொண்டார்கள், பின் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடகடவென்று கொட்டினார். அவர் பேசப் பேச நீதிபதி அம்மா கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

சுந்தரேசன் சார் எழுந்தார். "பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவி பண்ணணும்னு வந்திருக்கீங்க?"

"உதவியா? எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல. அவன் நல்லவன்னு சொல்ல நான் வரல சார். அவனுக்கு வாடை தெரியலைங்கிறதை மட்டும் சொல்லிட்டுப் போக வந்தேன்."

பின் பெஞ்சில் சிரிப்பு. இந்தத் தடவை எங்களைப் பார்த்து இல்லை.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அழகான கேள்வி. கேட்கவில்லை. உட்கார்ந்தேன். இன்றைக்குக் கற்றது அந்த உட்கார்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.



நவ. 28, வியாழன்

தீர்ப்பு. கேட்டது முழுதாக இல்லை. ஆனால் வாசனை இழந்தது நிரூபணம், அதனால் தொழில் இழந்ததும் நிரூபணம். மனுதாரர் நம்பத்தக்க சாட்சி என்று தனியாக ஒரு வரி. த.பா. அந்த வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார்.

வராண்டாவில் சுந்தரேசன் சார். "நான் பாட்டிலை எடுத்தப்பவே நீங்க எழுந்திருக்கணும்."

"தெரியும் சார்."

"பின்ன ஏன் எழுந்திரிக்கல?"

"என்ன ஆகும்னு எனக்கும் பாக்கணும்போல இருந்துச்சு."

கொஞ்சம் நின்று பார்த்தார். "வக்கீலுக்கு அது ஆகாதும்மா" என்று போய்விட்டார். ஆகுமா ஆகாதா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

சீனியருக்குப் போன். "அப்டியா" என்றார். பிசியோதெரபிக்காரன் உயிரை எடுக்கிறானாம்.

டிச. 1, ஞாயிறு

பனி. மலை முழுக்கத் தெளிவாகத் தெரிகிறது. தீர்ப்பு நகல் கொடுக்க த.பா. வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. தரையில் பேப்பர் விரித்து, சின்னச் சின்னக் குவியலாக ஏலக்காய். பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயை மூக்கில் வைத்திருக்கிறார். எதிரே த.பா. சம்மணம் போட்டு. முதலாளியிடம் பேசியிருக்கிறார், பேச்சியம்மா தேறினால் இரண்டு பேருமாக வந்து சரக்குப் பாருங்கள், ஒரு சீசன் பார்ப்போம் என்றிருக்கிறாராம். எஸ்டேட்டு வேலையை விட்டுவிடலாம்.

த.பா. என்னைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கை காட்டினார், பேசவில்லை. பாடம் நடக்கிறது.

"சொல்லு. புது சாக்கு மாதிரியா, நனைஞ்சு காஞ்ச சாக்கு மாதிரியா?"

"புது சாக்கு."

"தப்பு. நல்லா மோந்து பாரு."

பேச்சியம்மா கண்ணைத் திறந்தார். "நீக மோந்தா பாத்தீக, தப்புன்னு சொல்ல?"

த.பா. கையிலிருந்த காயைப் பேப்பரில் வைத்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நகலைப் புரட்டினேன். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, நிறுத்த முடியாமல். இத்தனை நாள் பழக்கத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பேச்சியம்மா அடுத்த குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துக் கீறி, என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு தாயி."